தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி: முதன்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே இருப்பது ஒரு மணி நேரம். திருக்கடையூரில் சாமி கும்பிட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் வேன் நிற்கும். கோட்டை வாசலில் இறங்கி, உச்சி வெயிலில் ஒரு சுற்று, நாலு போட்டோ, ஒரு இளநீர், அவ்வளவுதான். அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் "ஒரு பழைய கோட்டை இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அது அவர்கள் தப்பில்லை. பகல் 12 மணிக்கு அந்த ஊர் அப்படித்தான் இருக்கும். மாலை 4 மணிக்கு மேலும், விடிகாலை 5.30-லிருந்து 8.30 வரையிலும்தான் அது பார்க்கவேண்டிய ஊர். இந்த இரண்டு நேரமும் கிடைக்கவேண்டும் என்றால் ஒரு ராத்திரி தங்கியாகவேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எப்போது போவது

ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ராத்திரி இதமாக இருக்கும், பகலிலும் நடக்க முடியும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கே தரை சுட ஆரம்பித்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கடல் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் புயல் சின்னம் ஒன்று உருவானால் கரைப் பக்கமே விடமாட்டார்கள், பஸ்ஸும் நம்பமுடியாது. போகத்தான் வேண்டும் என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீன் சாப்பிடுவதற்காகவே போகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளைத் தவிர்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அது. ஃபைபர் படகுகளும் நாட்டுப்படகுகளும் கரையோரமாகப் போய்வரும் என்றாலும் வரத்து குறையும், பெரிய மீனின் விலை ஏறும்.

நாள் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, வெள்ளிக்கிழமை. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வாராந்திர விடுமுறை அன்றைக்குத்தான். வெள்ளியன்று வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. இரண்டாவது, முகூர்த்த நாள். திருக்கடையூர் 8 கிலோமீட்டரில் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று ஊர் ஊராகக் குடும்பங்கள் வந்து இறங்கும். சுற்றுவட்டாரத்து லாட்ஜ் எல்லாம் நிரம்பி, வாடகையும் கூடிவிடும். தை அமாவாசையும் அப்படித்தான். காலண்டரைப் புரட்டி, முகூர்த்தம் இல்லாத வாரநாளாகப் பாருங்கள்.

மூன்றாவது, பௌர்ணமி. முடிந்தால் பௌர்ணமியன்றே போங்கள். கிழக்குப் பார்த்த கரை என்பதால், உங்கள் முதுகுப்பக்கம் ஊருக்கு மேல் சூரியன் இறங்குகிற நேரத்தில் எதிரே கடலிலிருந்து நிலா ஏறும். முதலில் மங்கலான செம்மஞ்சளில் ஒரு விளிம்பு தெரியும். அடிவானத்தில் மூட்டம் இருந்தால் கொஞ்சம் உயரே வந்தபிறகுதான் கண்ணில் படும். அரை மணிக்குள் வெளுத்து, தண்ணீரில் பாதை போட்டுவிடும். மறுநாள் என்றால் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டிருக்கும். சித்ரா பௌர்ணமியன்று மட்டும் யோசியுங்கள், பூம்புகாரில் இந்திர விழாக் கூட்டம் இருக்கும்.

எப்படிப் போய்ச் சேருவது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைப் பக்கமாகவே வந்தால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகிற பஸ் தரங்கம்பாடி மெயின் ரோட்டில் நிற்கும். ஏறும்போதே "தரங்கம்பாடி கோட்டைக்கு இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் வண்டி நேரே பொறையாருக்குப் போய்விடும். போனாலும் மோசமில்லை, 3 கிலோமீட்டர்தான், ஆட்டோவில் திரும்பிவிடலாம்.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கவேண்டும். அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ரயிலடியும் பஸ் நிலையமும் ஒட்டி இல்லை. நடுவில் ஆட்டோ பிடிக்கவேண்டும், பொறையார் பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடியது. 1926-இல் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் பாதை 1986-இல் நின்றுபோனது.

பணம், மருந்து, பெட்ரோல் எல்லாவற்றையும் பொறையாரில் முடித்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்தப் பகுதியின் கடைத்தெரு. வங்கி, மருந்துக்கடை, டிபன் கடை அங்கேதான் இருக்கின்றன. கோட்டைத் தெருவுக்குள் போனபிறகு ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கிடைப்பதுகூடக் கஷ்டம். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.

தங்குவதற்கு மூன்று வழி. கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பங்களா ஹோட்டல் ஒன்று. அறைகள் குறைவு, வாடகை அதிகம், சனி ஞாயிறுக்கு முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, பொறையாரிலோ திருக்கடையூரிலோ சாதாரண லாட்ஜ். மூன்றாவது காரைக்கால், 15 கிலோமீட்டர், ஏராளமான அறைகள். காரைக்காலில் தங்கினால் விடிகாலை 5 மணிக்கு வண்டி தேவைப்படும். அதற்கு முந்தின நாளே ஆட்டோவோ காரோ பேசிவையுங்கள். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், நடுவில் எல்லை உண்டு. வாடகை வண்டிக்காரரிடம் பர்மிட் கணக்கையும் சேர்த்தே பேசி முடித்துவிடுவது நல்லது, பாதி வழியில் வாக்குவாதம் வராது.

முதல் நாள் மாலை: வாசலிலிருந்து கோட்டை வரை

3 மணிக்கு ஊர் வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள். வண்டியில் வந்தவர்கள் கோட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல், நகர வாசலுக்கு வெளியே இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வாருங்கள். வெள்ளையடித்த உயரமான வளைவு வாசல், மரக்கதவுகள் இன்னும் இருக்கின்றன. இப்போது நிற்பது 1792-இல் கட்டியது. மாலை வெயில் அதன் வெளிமுகத்தில் நேராக விழும். படம் எடுக்கவேண்டும் என்றால் இப்போது வெளிப்பக்கம், நாளைக் காலை உள்பக்கம். மாற்றி எடுத்தால் வாசல் கறுப்பாகத்தான் வரும்.

வாசலிலிருந்து கடல் வரை நேர்க்கோடாகப் போவது கிங் தெரு. நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இப்போதைக்கு அதை வேகமாகக் கடந்து கோட்டைக்குப் போய்விடுங்கள், தெருவை நிதானமாகப் பார்க்க நாளைக் காலை இருக்கிறது. அருங்காட்சியகம் மாலையில் சீக்கிரம் மூடிவிடும். 4 மணிக்குள் உள்ளே நுழைந்துவிட்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு.

பெயர்ப்பலகையில் டேனிஷ் கோட்டை என்று இருக்கும். டேனிஷ்காரர்கள் வைத்த பெயர் டான்ஸ்போர்க். 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய கப்பல்கள் முதலில் இலங்கையில்தான் காலூன்றப் பார்த்தன. அங்கே காரியம் நடக்காமல் போகவே, கடற்படைத் தலைவர் ஓவ கெத்த தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் வந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது, கோட்டை எழும்பியது. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கோட்டைக்குள் ஒழுங்கு இதுதான். முதலில் கீழ்த்தளம். சரக்கு வைக்கவும், சமைக்கவும், கைதிகளை அடைக்கவும் பயன்பட்ட அறைகள். நிமிர்ந்து கூரையைப் பாருங்கள், ஒட்டகத் திமில் மாதிரி வளைந்து வளைந்து போகும். விட்டம் எதுவும் இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் தாங்கி நிற்கிற வளைவுகள். பிறகு மேல்தளம். ஆளுநர் இருந்த இடம், இப்போது அருங்காட்சியகம். பீங்கான் துண்டுகள், ஆயுதங்கள், கப்பல் மாதிரிகள், ஆவண நகல்கள் இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகம் இல்லை, முக்கால் மணி நேரம் போதும். கடைசியாக மதில்மேல் ஏறி ஒரு சுற்று. கைப்பிடிச் சுவர் சில இடங்களில் தாழ்வாக இருக்கும், குழந்தைகள் கையை விடாதீர்கள்.

மதில்மேல் நின்று ஊரைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும்: மற்ற துறைமுகங்களெல்லாம் நகரமாகிவிட, இது மட்டும் ஏன் இப்படியே இருக்கிறது? 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஆங்கிலேயருக்கு இதே கரையில் நாகப்பட்டினம் இருந்தது. ரயிலும் முதலில் அங்கேதான் போனது, வியாபாரமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. தரங்கம்பாடியில் இடித்துக் கட்டுவதற்கு யாரிடமும் பணம் இல்லை. இடிக்காமல் விட்டதால்தான் இந்தத் தெருக்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

5.30 மணி வாக்கில் கோட்டையிலிருந்து வெளியே வந்து, முன்னாலிருக்கும் மைதானத்தைத் தாண்டிக் கடலோரம் போய் உட்காருங்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதன் 200-ஆம் ஆண்டு நினைவாக 1906-இல் வைத்த நினைவுச்சின்னம் பக்கத்தில் இருக்கிறது. மாலையில் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வந்து கூடும், சுண்டல், பஜ்ஜி, சோளம் எல்லாம் வரும். 7 மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும். அதன்பிறகுதான் அலைச்சத்தம் தனியாகக் கேட்கும். தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் குடியிருப்பு. அலை பாடுகிற ஊர் என்று பொருள் சொல்வது பின்னால் வந்த விளக்கம், ஆனால் அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதுதான் சரி என்று படும்.

இரண்டாம் நாள் காலை: கடல், கோயில், தெரு

சூரியன் ஜனவரியில் ஏறக்குறைய 6.30-க்கும், மே மாத முடிவில் 5.45-க்கும் உதிக்கும். அரை மணி நேரம் முன்னதாகவே கரையில் இருங்கள். உதயத்தைவிட அதற்கு முந்திய இருபது நிமிடம்தான் நிறத்துக்கு நல்லது. வானம் ஊதாவிலிருந்து சிவப்புக்கு வரும்போது, ராத்திரி போன படகுகள் ஒவ்வொன்றாகக் கறுப்புப் புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம், வடக்கே, மாசிலாமணிநாதர் கோயில். 1305 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று சொல்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 வருஷத்துக்கு முன்பே இங்கே ஒரு பட்டினம் இருந்தது என்பதற்கு இது சாட்சி. கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டி, திருப்பணி செய்திருக்கிறார்கள். பழைய படங்களில் இடிந்த நிலையில் பார்த்தவர்களுக்கு இப்போதைய வண்ணம் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பூஜை நடக்கிற கோயிலாக அது திரும்பியதுதான் முக்கியம். உள்ளே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, கேட்டபிறகே படம் எடுங்கள்.

அதற்கு மேலும் வடக்கே போனால் மீனவர் குடியிருப்பு. படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீன் பிரிப்பார்கள். ஏலம் வேகமாக முடிந்துவிடும், பாதி பேச்சு கையசைவிலேயே நடக்கும். ஓரமாக நின்று பார்க்கலாம். வலையை மிதிக்கக்கூடாது, படகு இழுக்கிற கயிற்றுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது, வெயிலில் காயவைத்திருக்கும் மீனைத் தாண்டக்கூடாது. 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரை என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது தரங்கம்பாடி இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பொழுதுபோகக் கேட்கிற கதையில்லை அது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

7.30 மணிக்குத் திரும்பி கிங் தெருவுக்கு வாருங்கள். இப்போதுதான் தெரு நிதானமாகப் பார்ப்பதற்கு ஏற்றது. வெயில் சாய்வாக விழுவதால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு தெரியும்.

முக்கியமாக இரண்டு தேவாலயங்கள். ஒன்று 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இன்னொன்று புதிய எருசலேம் ஆலயம், 1718. மேலே இருந்து பார்த்தால் சிலுவை வடிவம். முகப்பில் கிரீடத்தோடு இருக்கும் எழுத்து டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடரிக்கின் அடையாளம், கீழே ஆண்டும் இருக்கும். உள்ளே பீடத்துக்கு முன்னால் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9-இல் வந்து இறங்கி, 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், பெரும்பாலும் யாராவது திறந்துவிடுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப்பார்க்க நுழையாதீர்கள்.

சீகன்பால்கு வீட்டை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அச்சுக்கலையில் ஆர்வம் இருந்தால் அதைத் தவறவிடக்கூடாது. இங்கே ஒரு திருத்தம் சொல்லவேண்டும். "இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான்", "முதல் தமிழ்ப் புத்தகம் இங்கேதான்" என்று கூட வருகிறவர்கள் யாராவது சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. கோவாவில் 1556-லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. விட்டுப்போயிருந்த தமிழ் அச்சை இங்கே மறுபடி எழுப்பி, தொடர்ந்து நடத்தினார்கள். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கும் பொறையார்ப் பக்கம் ஒரு பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் அதிலிருந்துதான் வந்தது.

ஒரு சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள்

இதற்கு ஒரு அரை மணி ஒதுக்குங்கள். தெருவில் பூச்சு உதிர்ந்த பழைய சுவர் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். செங்கல் இப்போதைய செங்கல்லைவிட மெல்லியது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பல இடங்களில் செங்கல் உள்வாங்கிக் குழிந்திருக்கும், அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புச் சாந்து மட்டும் வரம்பு கட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் லேசாகத் தடவினால் மாவாக வரும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்புதான் அது.

கடற்காற்றில் வருகிற உப்பு ஈரத்தோடு சேர்ந்து செங்கல்லுக்குள் போகிறது. வெயில் ஏறினால் ஈரம் வெளியேறும், உப்பு உள்ளேயே படிகமாக நின்றுவிடும். படிகம் வளர வளர உள்ளிருந்து தள்ளி, செங்கல்லின் முகத்தைத் துகள் துகளாக உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் அதன் வழியாக வெளியே போய்வந்தது, சேதமும் பூச்சோடு நின்றது. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பூசி வெள்ளையடித்தால் போதும். பிற்காலத்தில் அதே சுவர்மேல் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு பின்னாலேயே சேர்ந்து, ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகச் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழுந்துவிடும். சிமென்ட் பட்டை விழுந்த சுவரும், சுண்ணாம்பு மட்டும் பூசிய சுவரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். சுனாமிக்குப் பிறகு இங்கே நடந்த புதுப்பிப்பு வேலைகளில் மறுபடி சுண்ணாம்பையே எடுத்தது இதனால்தான். கடலோரத்தில் பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் இதை ஊருக்குப் போய் வீட்டில் சொல்லவேண்டிய விஷயம்.

திண்ணை திறந்திருக்கிற வீட்டில் அனுமதி கேட்டு எட்டிப் பார்க்க முடிந்தால் கூரையையும் பாருங்கள். மர விட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு கொட்டி இறுக்கிய மெட்ராஸ் டெர்ரஸ். ஆனால் இவை பெரும்பாலும் குடியிருக்கிற வீடுகள், பள்ளிகள், கன்னியர் மடம். கேட்காமல் வாசலைத் தாண்டாதீர்கள், பிள்ளைகள் படிக்கிற இடத்தில் கேமராவை எடுக்காதீர்கள்.

கேமரா, செல்போன் பற்றி ஒரு வார்த்தை. கரையில் அரை மணி நின்றாலே லென்ஸில் உப்புப் பனி படியும், படம் மங்கலாக வரும். சட்டை நுனியால் வறட்டுத் துடைப்பாகத் துடைத்தால் உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தபிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கடலில் இறங்கலாமா

கோட்டைக்கு முன்னால் கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. அலை படுகிற கல்லில் பாசி இருக்கும், பார்க்கக் காய்ந்தது போலத் தெரியும். வழுக்கினால் இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டிக்கொள்ளும், அடுத்த அலை அதற்குள் வந்துவிடும். செல்ஃபிக்காக அந்தக் கல்லின்மேல் ஏறுவதுதான் இங்கே நடக்கிற விபத்துகளில் மிகவும் தேவையில்லாதது.

மணல் உள்ள இடத்தில் முழங்கால் வரை நனைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். அலைகள் வரிசையாக உடைகிற இடத்துக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கறுத்து அமைதியாகத் தெரியும். குளிக்க நல்ல இடம் என்று பலர் அங்கேதான் போவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிப் போகிறது, இழுப்பு அங்கேதான் அதிகம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துவிடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடம் வந்ததும் அலையோடு கரைக்கு வாருங்கள். ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் மீனவர்கள் கண்டுகொள்வார்கள். இறங்குவதற்கு முன்பே அவர்களில் ஒருவரிடம் "இன்னிக்கு இழுப்பு எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

இந்தக் கரையில் ஓசோன் காற்று நிறைய, உடம்புக்கு நல்லது என்றும் சொல்லிக் கேட்பீர்கள். கடலின் அந்த வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் நுண்பாசிகளிலிருந்து வரும் கந்தகச் சேர்மம், ஓசோன் இல்லை. ஓசோன் சுவாசிக்க நல்லதும் இல்லை. காற்று சுத்தமாக இருக்கிறது, அது போதும்.

சாப்பாடு

கோட்டைப் பக்கத்தில் மீன் பொரித்துத் தருகிற கடைகள் உண்டு. மசாலா தடவி அடுக்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி வாங்காமல், அன்றைக்கு வந்த மீன் எது என்று கேளுங்கள். முழு மீனாக இருந்தால் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம். ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டும். பழுப்பாகவோ வெளுத்தோ இருந்தால் வேண்டாம். கண் புடைத்துத் தெளிவாக இருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வரவேண்டும். வஞ்சரம் எல்லா ஊரிலும் கிடைக்கும். இங்கே சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, நண்டு என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

மதியச் சாப்பாடு வேண்டும் என்றால் காலை 9 மணிக்கே போய்ச் சொல்லிவையுங்கள். சின்னக் கடைகளில் ஆள்கணக்குப் பார்த்துத்தான் சமைப்பார்கள், 2 மணிக்குப் போனால் சோறு தீர்ந்திருக்கும். ஏலத்தில் நீங்களே மீன் வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொல்வதானால், சுத்தம் செய்தபிறகு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு பேருக்குக் குழம்பும் வறுவலும் என்றால் முக்கால் கிலோ வாங்குங்கள். காலை டிபனுக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் பொறையார் அல்லது திருக்கடையூர்.

கிளம்புகிற வழியில்

10 மணிக்கு வெயில் ஏறிவிடும். முந்தின நாள் கோட்டை விட்டுப்போயிருந்தால் இப்போது முடித்துக்கொள்ளலாம். பிறகு ஊரை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மயிலாடுதுறைப் பக்கம் திரும்புகிறவர்கள் தில்லையாடியில் இறங்குங்கள், 4 கிலோமீட்டர்தான். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் குடும்பத்து ஊர். 1915-இல் காந்தி தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்துபோனார். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. பிறகு திருக்கடையூர். கோயில் மதியம் நடை சாத்திவிடும், 12 மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மாலை வரை காத்திருக்கவேண்டும். தெற்கே போகிறவர்களுக்குக் காரைக்கால் அம்மையார் கோயில், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று வரிசையாக வரும். வேளாங்கண்ணி 45 கிலோமீட்டர். வடக்கே பூம்புகார், 20 கிலோமீட்டர் சுமார். இதில் ஏதாவது ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் திரும்புகிறவர்கள் மெயின் ரோட்டில் நிழலில்லாத இடத்தில் காத்திருக்காமல், ஆட்டோ பிடித்துப் பொறையார் பஸ் நிலையத்துக்கே போய் ஏறிவிடுங்கள், உட்கார இடமும் கிடைக்கும். மயிலாடுதுறையில் ரயில் பிடிக்கவேண்டும் என்றால் வண்டி நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகப் பொறையாரை விட்டுக் கிளம்புங்கள். முகூர்த்த நாளில் திருக்கடையூர் சன்னதித் தெரு முனையில் மட்டும் அரை மணி நேரம் நிற்கவேண்டியிருக்கும்.